‘தொம்’ விழும் இடம்: மங்கிய மேடையில் இரண்டு மாலைகள்

ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சியில் முதல் மாலை எடுத்த படங்களை மடிக்கணினியில் போட்டுக் காட்டியபோது, நாட்டிய டீச்சர் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “கை எங்கப்பா?” என்று கேட்டார்.

கை இருந்தது. மன்மதன் வில்லை வளைக்கிற இடம். இடக்கை சிகர முத்திரை பிடித்து முன்னால் நீண்டிருக்கிறது, வலக்கை கடகாமுக முத்திரையில் காதருகே நாணை இழுக்கிறது. ஆனால் மேடை முழுக்கச் சிவப்பு. விரல் நுனியில் அத்தனை கவனமாகப் பூசிய அல்தா என்ற சிவப்புச் சாயமும் தோலும் ஒரே நிறமாகிவிட்டன. முகத்தின்மேல் கை, கையின்மேல் முகம், எல்லாம் ஒரு சிவப்புத் தட்டு. பன்னிரண்டு வருஷம் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணின் விரல்கள் என் படத்தில் காணாமல் போயிருந்தன. டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அடுத்த மூன்று வாரத்தில் என்ன செய்தேன், அதே மேடையில் இரண்டாம் மாலை என்ன கிடைத்தது, எது இன்னும் கைக்கு வரவில்லை என்பதை நடந்தபடியே எழுதுகிறேன். நாட்டியத்தைப் படமெடுக்கிற மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். ஆடியவர், டீச்சர், அரங்கம் ஆகியோரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

மேடை

தென்சென்னையில் சுமார் முந்நூறு இருக்கை கொண்ட அரங்கம். மார்கழியில் ஒரு சபா நிகழ்ச்சிக்காக ஒரு தடவை, தை பிறந்த பிறகு நாட்டியப் பள்ளியின் சொந்த விழாவுக்காக ஒரு தடவை, அதே பெண் அதே மார்க்கத்தை, அதாவது அதே உருப்படிகளின் வரிசையை, ஆடினார். அதே மேடை, அதே வாத்தியக் குழு, அதே விளக்குகள். படமெடுப்பவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வமாகத்தான் அமையும். தவறையும் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பின்னால் கறுப்புத் திரை. மேலே குறுக்குக் கம்பியில் பன்னிரண்டு எல்.இ.டி பார் விளக்குகள், இரு பக்கமும் இரண்டிரண்டு. பார்வையாளர் தலைக்கு மேலே இருக்கும் முன் கம்பியில் நான்கு பழைய ஹாலஜன் விளக்குகள் தொங்கின. முதல் மாலை அவை எரியவே இல்லை. கெட்டுப்போனவை என்று நினைத்துக்கொண்டேன்.

என் கையில் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா ஒன்று, 70–200 எஃப் 2.8 லென்ஸ், 85 எஃப் 1.8 லென்ஸ். ஐந்தாம் வரிசை ஓரத்தில், மேடை நடுவிலிருந்து சுமார் பத்து மீட்டரில் உட்கார்ந்தேன். இன்னும் முன்னால் போனால் மேடை விளிம்பு பாதத்தை வெட்டும். பரதநாட்டியத்தில் பாதம் தெரியாத படத்தை ஆடுகிறவர்கள் படமாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

முதல் உருப்படியான அலாரிப்புக்கு வெள்ளை வெளிச்சம் இருந்தது. லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் 1/250 வினாடி, ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ 3200. டியூப்லைட் எரியும் வீட்டு ஹாலைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகமில்லை. நிதானமான அபிநயப் பாடலான பதத்துக்கு நீலம் வந்தபோது 1/125-க்கு இறங்கி, ஐ.எஸ்.ஓ-வை 12800 வரை ஏற்ற வேண்டியிருந்தது. கணக்குப் போட்டால், அலாரிப்புக்கு இருந்த வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கு. அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, கண் பழகிவிடும். சென்சார் பழகாது.

ஃபிளாஷ் பேச்சே கிடையாது. ஃபோகஸுக்கு உதவ கேமரா முன்னால் எரிகிற சின்ன விளக்கையும் அணைத்துவிட வேண்டும், அபிநயத்தில் இருப்பவரின் கண்ணில் போய்க் குத்தும். கறுப்புத் திரையைப் பார்த்து ஆட்டோ எக்ஸ்போஷர் ஏமாந்து முகத்தை வெளுக்கவைக்கும் என்பதால் எல்லாமே மேனுவல்தான். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது.

முதல் மாலை நடந்தது

மார்க்கத்தின் நீண்ட, மையமான உருப்படியான வர்ணம் தோடி ராகத்தில், ஆதி தாளம். நாயகி தோழியிடம் தன் தாபத்தைச் சொல்கிறாள், நடுவில் மன்மதன் வருகிறான். சிவப்பு அங்கேதான். கேமராவின் பின்திரையில் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், நன்றாகவே இருந்தது. நான் அதை நம்பினேன். ஆனால் சாதாரண ஹிஸ்டோகிராம் பச்சைக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது. தூய சிவப்பு எல்.இ.டி-யின்கீழ் சிவப்பு சேனல் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும், பச்சையும் நீலமும் ஏறக்குறையக் காலியாக இருக்கும், மொத்தக் கணக்கில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். நிரம்பி வழிந்த சேனலில் கன்னத்தின் வளைவும் இல்லை, புருவத்தின் நிழலும் இல்லை. சென்சார் தந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பானாலும் இல்லாததை எங்கிருந்து மீட்பது?

இன்னொன்றும் உண்டு. சென்சாரின் புள்ளிகளில் நான்கில் ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கிறது. இரண்டு பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு. முழுச் சிவப்பில் நம்முடைய 24 மெகாபிக்சலில் ஆறுதான் உருப்படியாக வேலை செய்கிறது. ஜரிகை குழைந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வர்ணம் முடிந்து பதம் ஆரம்பித்தது. பாட்டு தணிந்தது, மிருதங்கம் விரல் நுனியில் வந்து நின்றது. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த மாமி திரும்பினார். “தம்பி, அந்த டக் டக்கைக் கொஞ்சம் நிறுத்துங்கோ. பாட்டே காதுல விழல.” அவர் சொன்னது நியாயம். மன்னிப்புக் கேட்டுவிட்டு எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றினேன், சத்தம் நின்றது. மீதி நிகழ்ச்சி முழுவதையும் அப்படியே எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், பதம் முழுவதும் வரி வரியாக இருந்தது. முகத்தின் குறுக்கே, கழுத்தின் குறுக்கே, உடையின் முன்னால் விரியும் விசிறியின் ஒவ்வொரு மடிப்பின் குறுக்கேயும் கறுப்புக் கோடுகள். கடைசியில் வரும் வேகமான தில்லானாவில் கோடுகளோடு கையும் வளைந்திருந்தது. நேராக நீட்டிய கை அரிவாள்போல. மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்த வர்ணத்தில்கூடச் சில படங்கள் மேல்பாதி வெளிச்சமாகவும் கீழ்பாதி மங்கலாகவும் கிடந்தன.

மூன்றாவது தவறு ஃபோகஸில். 200 மில்லிமீட்டரில், எஃப் 2.8-இல், பத்து மீட்டர் தூரத்தில், துல்லியமாகத் தெரிகிற ஆழம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னால் இருபது, பின்னால் இருபது. வில்லைப் பிடித்து நீட்டிய கை முகத்துக்கு அறுபது சென்டிமீட்டராவது முன்னால் இருக்கும். கேமரா கண்ணைத் தேடும், கை குறுக்கே வந்ததும் கைக்குத் தாவும். சிகரத்தில் கட்டைவிரல் நகம்வரை தெரிகிறது, முகம் பஞ்சுமிட்டாய்.

நான்காவது தவறை அன்று நான் தவறாகவே பார்க்கவில்லை. எல்லாத் தீர்மானத்திலும் (சொற்கட்டுக்கு ஆடும் வேகமான அடவுக் கோர்வை) நான் ஒரு கணம் தாமதம். அடவு, அதாவது காலும் கையும் சேர்ந்த அடிப்படை அசைவு, முடிந்து உடம்பு தளர ஆரம்பித்த பிறகுதான் என் படம். அதைக் கண்டுபிடித்ததும் டீச்சர்தான்.

வேட்டியில் எண்ணிய கோடுகள்

முதலில் கோடுகளை எடுத்துக்கொண்டேன், அது கணக்கில் அடங்கக்கூடிய விஷயம் என்பதால்.

எல்.இ.டி-யை மங்கவைக்கப் பெரும்பாலான மேடை விளக்குகள் ஒரே வழியைத்தான் பின்பற்றுகின்றன. விளக்கை வேக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுவது. அணைந்திருக்கும் நேரம் கூடினால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை வரிசையாக வாசிக்கிறது. வாசிக்கும் நேரத்துக்குள் விளக்கு எத்தனை தடவை அணைகிறதோ அத்தனை கோடு.

என் கேமரா வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வீட்டிலேயே பார்த்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி பல்பு வினாடிக்கு 100 தடவை துடிக்கும். வெள்ளைச் சுவரை அந்த வெளிச்சத்தில் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் ஐந்து கோடு. அப்படியானால் ஒரு படத்தை வாசிக்க நூறில் ஐந்து, அதாவது 1/20 வினாடி. தில்லானாவில் கை வளைந்ததற்கும் அதுதான் காரணம். படத்தின் மேல்பகுதியை வாசித்து முடித்துக் கீழே வருவதற்குள் கை நகர்ந்துவிடுகிறது.

அப்புறம் ஒரு காலை அரங்கத்துக்குப் போனேன். விளக்குப் பலகையில் இருப்பவரை எல்லாரும் லைட் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் அவருக்கு இஷ்டமில்லை.

“தம்பி, உங்க கேமராவுக்காக நான் லைட் போட முடியாது. டீச்சர் பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்காங்க, அதான் எனக்கு.”

“மாத்தச் சொல்லல அண்ணே. எப்படி எரியுதுன்னு மட்டும் பாக்கணும்.”

மைக் ஸ்டாண்டுகள் இரண்டுக்கு நடுவில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினோம். பதத்துக்கு இருக்கும் அதே அளவில் அவர் ஒரு விளக்கை வைத்தார். எடுத்த படத்தில் மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினோம், அவரும் கூட எண்ணினார். இருபது. 1/20 வினாடியில் இருபது என்றால் வினாடிக்கு 400.

இந்த ஓர் எண் கிடைத்ததும் பாதி வழி தெரிந்துவிட்டது. நான் வைத்திருந்த 1/250-இல் விளக்கு ஒன்றரைத் தடவைக்கு மேல், இரண்டு தடவைக்குள் துடிக்கிறது. ஒரு வரிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும், அடுத்த சில வரிகளுக்கு இரண்டு கிடைக்கும், அந்த வித்தியாசம்தான் கோடு. 1/200 வைத்தால் எல்லா வரிக்கும் சரியாக இரண்டு துடிப்பு. 1/100 வைத்தால் நான்கு. கோடு விழ இடமில்லை. அங்கேயே வைத்து எடுத்துப் பார்த்தோம். வேட்டி வெள்ளையாக இருந்தது. 1/200-க்கும் 1/250-க்கும் நடுவில் இருப்பது ஒரு சுண்டு வித்தியாசம். அந்தச் சுண்டு வித்தியாசத்தில் ஒரு தில்லானா முழுவதும் போயிருக்கிறது. பதத்துக்கு வைத்த 1/125-க்கும் 1/100-க்கும் நடுவிலும் அதே சுண்டு வித்தியாசம்தான். கேமராவில் ‘ஆன்டி ஃபிளிக்கர்’ என்று ஒரு வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். என் கேமராவில் இருப்பது மின்சாரத்தின் 100, 120 துடிப்புகளை மட்டும்தான் கண்டுகொள்ளும். 400 அதன் கண்ணில் படாது.

லைட் அண்ணன் இன்னொன்று செய்து காட்டினார். அதே விளக்கை முழு அளவுக்கு ஏற்றினார். எந்த ஷட்டர் வேகத்திலும் கோடு இல்லை. முழுவதாக எரியும்போது அணைய வேண்டிய தேவையே இல்லையே! ஆறு விளக்கை இருபது சதவீதத்தில் வைப்பதைவிட இரண்டை நன்றாக ஏற்றுவது கேமராவுக்கு நல்லது என்று அன்று இரண்டு பேருமே புரிந்துகொண்டோம்.

கிளம்பும்போது அவரே ஆரம்பித்தார். “முன்னாடி பார்ல ஹாலஜன் நாலு இருக்கு தம்பி. நல்லாத்தான் எரியும். யாரும் கேக்குறதில்ல, அதான் போடுறதில்ல.”

ஹாலஜனில் இழை சூடாகி எரிகிறது. சூடு அவ்வளவு சீக்கிரம் ஆறாது, அதனால் மங்கவைத்தாலும் துடிப்பு மெல்லியதாகத்தான் இருக்கும். மங்க மங்க மஞ்சள் கூடும். நம் தோல் நிறத்துக்கும் தங்க நிற நகைக்கும் அந்த மஞ்சள் அழகாகப் பொருந்துகிறது.

சிவப்பு யாருடையது

விளக்கை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன் எனக்கு உறுத்தல் இருந்தது. கோயிலில் தீபத்துக்கும் தீவட்டிக்கும் நடுவில் இருந்த ஆட்டம் அரங்க மேடைக்கு வந்தபோது, விளக்கும் ஆட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. 1935-இல் அடையாறில் முதல் முறை மேடையேறி, அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, உடையையும் திரையையும் மேடை ஒளியையும் சேர்த்தே யோசித்தவர். அந்த வழியில் வருகிற ஒரு டீச்சர் யோசித்துப் போட்ட சிவப்பை, என் சென்சாருக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துவிடச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

அதனால் வாயால் கேட்காமல் படத்தைக் காட்டினேன். அப்போதுதான் அந்தக் “கை எங்கப்பா?”.

காரணத்தைச் சொன்னேன். சிவப்பு வெளிச்சத்தில் அல்தா காணாமல் போகிறது, பச்சை வெளிச்சத்தில் வைத்தால் அதே அல்தா கறுப்பாகத் தெரியும் என்றேன். டீச்சர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “சிவப்பு எதுக்குப் போட்டேன்? அவ உள்ளுக்குள்ள எரியறா, அதுக்கு. முகமே தெரியலேன்னா எரியறது எங்க தெரியும்? கடைசி வரிசைல உக்காந்திருக்கறவங்களுக்கும் இப்படித்தான தெரிஞ்சிருக்கும்?”

சிவப்பு பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரட்டும், முன்னால் இரண்டு ஹாலஜன் மட்டும் மெல்ல எரியட்டும் என்று பேப்பரில் அவரே திருத்தினார். படத்துக்காகச் செய்யவில்லை, அபிநயத்துக்காகச் செய்தார். மேடை ஒளியை மாற்றுவதென்றால் இப்படித்தான் மாற வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

என் பக்கத்தில் நான் இரண்டு செய்தேன். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் வைத்து, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாதபடி எக்ஸ்போஷரைக் குறைத்தேன். வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைத்தேன். பகல் வெளிச்ச அளவில் வைத்திருந்தால் கேமரா சிவப்பை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருக்கித்தான் திரையில் காட்டும். 3200-இல் அந்தப் பெருக்கல் குறையும், ரா கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறதோ அதற்குக் கிட்டத்தில் ஹிஸ்டோகிராம் வரும்.

தாளம் போடு

நான்காவது தவறு இருக்கிறதே, அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

படங்களைத் தள்ளிக்கொண்டே வந்த டீச்சர் தீர்மானங்கள் வந்ததும் நிறுத்தினார். “எல்லாமே முடிஞ்சப்புறம் எடுத்திருக்க. நீ பாத்துட்டு அழுத்தற. வகுப்புக்கு வா. கேமரா வேண்டாம். உக்காந்து தாளம் போடு.”

போனேன். பத்து நாள் சாயங்காலம், சின்னப் பிள்ளைகளோடு தரையில். தட்டுக்கழி பலகையில் விழ விழ, தொடையில் தட்டி ஆதி தாளம். தட்டி விரல் எண்ணுவதற்கே முதல் இரண்டு நாள் ஆயிற்று. நாட்டடவுக்குத் ‘தெய்யும் தத்த தெய்யும் தா’ என்று சொல்லுவார், காலும் கையும் ‘தா’வில் போய் நீண்டு நிற்கும். எல்லா அடவிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. கை போகிற வழியின் முடிவில், திரும்புவதற்கு முன், ஓட்டம் நின்றுவிடுகிறது. குதித்தாலும் அதேதான். உச்சிக்குப் போன உடம்பு, உச்சியிலிருந்து 1/20 வினாடிக்குள் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. மெதுவான ஷட்டருக்கு அது தாராளம்.

இதை எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஓடுகிற கை வினாடிக்கு இரண்டு மீட்டர் போகிறது என்று வையுங்கள். 1/250-இல் அது எட்டு மில்லிமீட்டர் நகரும், விரல்கள் குழையும். அதே கை ‘தா’வில் நிற்கும்போது 1/100 போதும். 1/250-க்கும் 1/100-க்கும் நடுவில் இருக்கும் வெளிச்சம் இரண்டரை மடங்கு. எஃப் 2.8 லென்ஸை விட்டு எஃப் 1.8 வாங்கினாலும் கிடைப்பது அதே இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவுதான். காது பழகினால் ஒரு லென்ஸ் வாங்கிய லாபம்.

ஏன் காது? வர்ணத்தில் மூன்று வேகத்தில் வரும் திரிகால ஜதியில், மூன்றாம் காலம் என்கிற அதிவேகம் வரும்போது ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடிதான் கிடைக்கும். கண்ணால் பார்த்து விரலால் அழுத்த மனிதனுக்கு ஆகிற நேரமும் ஏறத்தாழ அதே ஐந்தில் ஒரு வினாடி. பார்த்து அழுத்துகிறவன் எப்போதும் ஒரு சொல் பின்னால்தான் இருப்பான். ஆனால் தீர்மானத்தின் முடிப்பில் ‘ததிங்கிணதொம்’ மூன்று தடவை வரும். முதல் தடவை வரும்போது ஆடுகிறவர் எந்தப் பக்கம் முடிக்கிறார் என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதில் சட்டத்தைச் சரிசெய்யலாம். மூன்றாவதில், கடைசி ‘தொம்’முக்கு முன்னாலேயே விரல் இறங்க வேண்டும். தாளம் சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், விழும், முழங்கால் மடக்கிய அரைமண்டி உட்கார்ந்திருக்கும், கண் கையைப் பார்க்கும். சொற்கட்டு சொல்லி நட்டுவாங்கம் செய்பவர் தட்டும் தாளத்தின் சத்தம் நமக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் இத்தனை வருஷம் அதைப் பின்னணி இசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஃபிலிம் காலத்தில் ட்ரை-எக்ஸ் 400 என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமை ஐ.எஸ்.ஓ 1600-க்குத் தள்ளிக் கழுவினாலும், இந்த மேடையின் நல்ல வெளிச்சத்தில்கூட எஃப் 2.8-க்கு 1/125 தாண்ட முடியாது. அந்த வசதியில் எடுத்த பழைய நாட்டியப் படங்களில் விரல் நுனிவரை தெளிவாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு இப்போது வேறு மரியாதை வருகிறது.

மார்க்கத்தின் வரிசையும் நமக்கு உதவி. மார்க்கத்தை வகுத்த சகோதரர்களான தஞ்சை நால்வர் காலத்திலிருந்து அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று அடுக்கு பெரும்பாலும் ஒன்றுதான். எங்கே ஓட்டம், எங்கே நிதானம் என்று நிகழ்ச்சிக்கு முன்பே ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஷட்டர் வேகத்தையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் மாலை

அபிநயம் இல்லாத தூய ஆட்டமான நிருத்தப் பகுதிகளுக்கு மெக்கானிக்கல் ஷட்டர், 1/200. மிருதங்கமும் தாளமும் ஓங்கி ஒலிக்கும்போது ஷட்டர் சத்தம் யாருக்கும் கேட்காது. பதத்துக்கு எலக்ட்ரானிக் ஷட்டர், 1/100. நிதானமான அசைவு என்பதால் கை வளையவில்லை, 400 துடிப்புக்கு 1/100 முழு எண்ணிக்கை என்பதால் கோடும் இல்லை.

ஃபோகஸுக்குக் கண்ணைத் தேடும் வசதியை அணைத்துவிட்டேன். ஒரே ஒரு சின்னப் புள்ளியை நெற்றிச்சுட்டியின்மேல் வைத்தேன். கல் மின்னுகிறது, கேமரா உடனே பிடித்துக்கொள்கிறது, கண்ணுக்கும் அதற்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் வித்தியாசம். மன்மதன் வரும் வரியைப் பாடகர் இரண்டாம் முறை எடுத்ததும், கேமராவின் பின்பொத்தானை அழுத்தி ஃபோகஸை முகத்தில் பூட்டிவிட்டு விரலை எடுத்துவிட்டேன். கை எவ்வளவு முன்னால் வந்தாலும் ஃபோகஸ் தாவவில்லை. லென்ஸையும் 135-க்குக் குறைத்தேன். ஆழம் 40 சென்டிமீட்டரிலிருந்து 90-க்குக் கூடுகிறது. பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

அந்த வில் வளைக்கும் இடம் வந்தது. பின்னாலிருந்து சிவப்பு தோளையும் ஜடையையும் பற்றிக்கொண்டது. முன்னாலிருந்து ஹாலஜனின் மஞ்சள் முகத்தில். கடகாமுகத்தின் மூன்று விரல்களும் தனித்தனியாக, ஒவ்வொரு நுனியிலும் அல்தா, உள்ளங்கை வட்டத்தின் ஓரத்தில் வியர்வையில் லேசாகக் கரைந்த ஒரு கோடு. மை தீட்டிய கண்ணின் வெள்ளை அம்பு போகும் திசைக்குத் திரும்பியிருந்தது. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று சொல்லித்தருவார்களே, அது அப்படியே. கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு ஒரு நொடி வெறுமனே பார்த்தேன்.

திருத்தும் வேலையில் சொல்லும்படி ஒன்றே ஒன்று. மங்கிய வெளிச்சப் படங்களில் விழும் புள்ளிகளை (நாய்ஸ்) நீக்க இப்போது வரும் மென்பொருள்கள் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் முழு அளவில் விட்டால் ஜரிகைக் கட்டங்கள் மெழுகு பூசினாற்போல ஆகிவிடும், முகத்தில் பவுடருக்கு மேலே நிற்கும் வியர்வைத் துளிகள் காணாமல் போகும். பாதி அளவுக்குக் கீழேயே நிறுத்தினேன். 12-க்கு 18 அங்குலம் அச்சடித்தால் கையில் பிடித்துப் பார்க்கிற தூரத்தில் ஐ.எஸ்.ஓ 6400-இன் புள்ளிகள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

தேர்ந்தெடுக்க டீச்சரோடு உட்கார்ந்தேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும், கண்டிப்பாக. நான் ‘சூப்பர்’ என்று நட்சத்திரம் போட்டு வைத்திருந்த படங்களில் பாதியை அவர் ஒதுக்கினார். ஒன்றில் அரைமண்டி இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கிறது. ஒன்றில் முழங்கை தொங்குகிறது. ஒன்றில் பதாக முத்திரையின் கட்டைவிரல் மடங்கவில்லை. எனக்கு எதுவும் தெரியவில்லை. “இத வெளிய குடுத்தா அவளத்தான் பேசுவாங்க, உன்னையா பேசுவாங்க?” என்றார். ஒதுக்கியவற்றை அங்கேயே அழித்தேன்.

அவர் எடுத்து வைத்ததில் ஒன்று, நான் குப்பையில் போடுவதாக இருந்தது. தில்லானாவில் 1/100 தவறுதலாக இருந்துவிட்ட படம். முகமும் உடம்பும் அசையாமல் நிற்க, வலக்கை மட்டும் ஒரு மஞ்சள் வீச்சாகப் போயிருக்கிறது, வளையல்கள் நூல் நூலாக. “இது அவளோட மூணாங்காலம்” என்றார். அந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நீலம்

பதத்தின் நீலம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. கோடு போய்விட்டது, ஆனால் நீலத்தைப் பார்ப்பதும் சென்சாரின் நான்கில் ஒரு பங்கு புள்ளிகள்தான். நம் மாநிறத் தோல் நீலத்தை அதிகம் திருப்பித் தருவதும் இல்லை. முகம் இருண்டு, கண்ணின் வெள்ளை மட்டும் தனியாக மிதக்கிறது. ஃபோகஸ் தடுமாறுகிறது. மேடை ஓரத்துக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அவர் வந்து நின்ற இரண்டு வரிகளில் மட்டும் முகம் உயிரோடு கிடைத்தது.

லைட் அண்ணனிடம் சொன்னேன். “அடுத்த தடவ அந்த நீலத்துலயும் ஒரு ஹாலஜன் லேசா வச்சுப் பாக்கலாம் தம்பி” என்றார். டீச்சரிடம் கேட்டால், “நிலா வெளிச்சத்துல மஞ்சள் ஏதுப்பா?” என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு ஞாயிறு காலை ஒத்திகை வைத்திருக்கிறார்கள், அங்கே வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். வேட்டியைத் துவைத்து வைத்திருக்கிறேன்.